பழைய எஞ்சினில் இறுக்கம்: இடமறிந்து தீர்க்கும் முறை

அம்பாஸடர் காரை அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை அது உற்பத்தியாயிற்று. அதில் நெடுங்காலம் இடம்பெற்ற 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் பட்டறைகள் இன்றும் உள்ளன. மீண்டும் பூட்டிய எஞ்சினைக் கையால் சுற்றும்போது, சில சமயம் அது ஓரிடத்தில் மட்டும் இறுகி நிற்கும். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று கருதி ஸ்டார்ட்டரால் கிளப்புவது பெரும் பிழையாகும். இறுகிய இடத்தில் எண்ணெய்ப் படலம் நிலைக்காது. பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். செலவிட்டுக் கடைந்த கிராங்க் தண்டும் பாழாகும்.

எனவே, ஒவ்வோர் உறுப்பாகப் பூட்டி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். முதலில் கிராங்க் தண்டை மட்டும் எண்ணெயிட்டு வைத்து, மூன்று மெயின் பேரிங் மூடிகளையும் குறித்த அளவுக்கு முறுக்குக. தண்டு கையால் தங்குதடையின்றிச் சுழல வேண்டும். சுழலாவிடில், மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துக. எதைத் தளர்த்தியதும் தண்டு இலேசாகிறதோ, அங்கேயே முதலில் ஆராய வேண்டும். பேரிங்கின் முதுகில் ஒட்டிய தூசும், இடம் மாறியோ திசை மாறியோ வைத்த மூடியும் வழக்கமான காரணங்கள். இரண்டு அங்குல விட்டமுள்ள தண்டுக்கு இருக்க வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 0.002 அங்குலம், அதாவது 0.05 மில்லிமீட்டர். தலைமயிரின் பருமனே உள்ள இவ்விடைவெளியை அடைக்கச் சிறு தூசும் போதும்.

நடு மூடியைத் தளர்த்தியதும் இறுக்கம் நீங்கினால், தண்டே வளைந்திருக்கவும் கூடும். இரு முனைகளையும் வி வடிவத் தாங்கிகளில் வைத்துச் சுழற்றி, நடுவில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

அடுத்துப் பிஸ்டன்கள். இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. வரிசையாக நான்கு சிலிண்டர்கள் அமைந்த இவ்வெஞ்சினில், இரு பிஸ்டன்கள் உச்சியை அடையும்போது மற்ற இரண்டும் அடியை அடைகின்றன. அப்போது அவை ஏறக்குறைய அசைவதில்லை. ஆதலால் தண்டு எளிதில் சுழலும். பாதி வழியில் பிஸ்டன்கள் விரைந்து நகர்வதால், ரிங்குகளின் உராய்வு கைக்கு மிகுதியாகத் தெரியும். ஒரு சுற்றில் இருமுறை இவ்வாறு படிப்படியாக ஏறி இறங்கும் கனம் இயல்பானதே, குறையன்று. ஒரு சுற்றுக்கு ஒரே இடத்தில் திடீரெனத் தோன்றும் இறுக்கமே ஐயத்திற்குரியது. அப்படியாயின், கடைசியாகப் பூட்டிய பிஸ்டனையும் அதன் கனெக்டிங் ராடையும் கழற்றிச் சோதிக்க.

இறுதியாகக் கேம் தண்டு. கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது இது ஒருமுறையே சுழல்கிறது. ஆகவே, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வரும் இறுக்கத்திற்குக் காரணத்தைக் கேம் தண்டிலும் வால்வுகளின் பக்கத்திலும் தேடுக. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பின்னரும் எஞ்சின் கெட்டியாக முட்டி நின்றால், வால்வு பிஸ்டனில் இடிக்கக்கூடும். வலிந்து சுற்றாமல், டைமிங் குறிகளைச் சரிபார்க்க.

இச்சோதனைக்கு முன்புறக் கப்பியில் ஒரு சுண்ணாம்புக் கோடு போதும். இறுக்கம் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று மாணவர்களை எண்ணச் செய்க. எங்கே தேட வேண்டுமென்பதை அவ்வெண்ணிக்கையே காட்டிவிடும்.