பழைய பொறியின் மூச்சு

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கோவிற்பட்டிக் கரிசலையும் கயத்தாற்றையும் கடந்து, திருநெல்வேலியை எய்துமுன் கங்கைகொண்டானைத் தொடுகின்றது. முதலாம் இராசேந்திர சோழனின் விருதுப்பெயரை நினைவூட்டும் இவ்வூர் சிற்றாற்றங்கரையில் அமைந்தது. ஊர்ப்புறத்தே புள்ளிமான் சரணாலயமும் அரசின் தொழிற்பூங்காவும் உள்ளன. இச்சாலையில் இரவும் பகலும் ஓடும் வாடகை வண்டிகளுள், மூன்று நான்கு இலட்சம் கிலோமீட்டர் ஓடி முதுமை எய்தியவை பல. 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா இன்னோவா போன்ற டர்போ டீசல் வண்டிகள் அவ்வினத்தைச் சேர்ந்தவை. அத்தகைய வண்டியொன்றின் பொறி ஓடிக்கொண்டிருக்கையில், எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றினால், அவ்வாயின் வழியே மெல்லிய புகை விட்டுவிட்டு எழக் காணலாம். ஓட்டுநருள் சிலர் இதனைக் கண்டு, பொறி கெட்டொழிந்ததென அஞ்சுவர். வேறு சிலர் பொருட்படுத்தாது மூடிவிடுவர். இரண்டும் பிழையே.

டீசல் பொறி, பெட்ரோல் பொறியைப் போல மின்பொறி கொண்டு எரிபொருளைப் பற்றவைப்பதன்று. உருளைக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கும். அந்நெருக்கத்தால் பிறக்கும் வெம்மையிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். செருமானியராகிய ருடால்பு டீசல் 1897ஆம் ஆண்டில் ஓட்டிக்காட்டிய பொறியின் தத்துவம் இது. வெளியேறும் புகையின் விசையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, மிகுதியான காற்றைப் பொறிக்குள் திணிக்கும் வகையைச் சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் பூச்சி என்பார் கண்டு, 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே இன்றைய டர்போ. காற்று மிகுந்தால் ஆற்றல் மிகும். அழுத்தமும் உடன் மிகும். எரியும் கணத்தில் உருளையினுள் எழும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்கினையும் கடப்பதுண்டு.

இத்துணை அழுத்தத்தையும் பிஸ்டனைச் சூழ்ந்த மெல்லிய வளையங்களே தாங்கி நிற்கின்றன. புதிய பொறியிலும் அவை முற்றும் தடுக்க வல்லன அல்ல. சிறிதளவு வாயு இடுக்கின் வழியே கீழே நழுவும். வளையமும் உருளைச் சுவரும் தேயத் தேய, நழுவும் வாயு பெருகும். அது சென்று சேருமிடம், கிராங்க் தண்டு சுழலும் அடியறை. ஆங்கே எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி மிதந்துகொண்டிருக்கும். வந்த வாயு அத்துளிகளையும், நீராவியையும், கரித்துகளையும் தன்னொடு கலந்துகொள்கின்றது. மூடியைக் கழற்றியபோது எழுந்த புகை இக்கலவையே.

மழை மிகுந்த ஆண்டுகளில் தாமிரபரணிப் பாசனக் குளங்கள் நிரம்பி மறுகால் பாயும். மறுகாலை அடைத்தால் நீர் கரையை உடைத்துக்கொண்டு போகும். கிராங்க் அறைக்கும் அத்தகைய மறுகால் ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் அதனைப் பிரீதர் குழாய் என்பர். மூச்சுக்குழாய் எனல் பொருந்தும். இக்குழாய் கரியாலும் பிசினாலும் அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறி, மென்மையான அடைப்புகளின் வழியே எண்ணெய் கசியும். அளவுகோல் தன் இடத்தைவிட்டு மேலே எழும்புதலும் உண்டு. இவற்றினும் பெரிய கேடு டர்போவிற்கு நேர்வது. டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வது. அதனைக் குளிர்விக்கும் எண்ணெய், தன் எடையாலேயே வழிந்து கிராங்க் அறைக்குத் திரும்ப வேண்டும். அறையினுள் அழுத்தம் மிகுந்திருப்பின் எண்ணெய் இறங்க வழியின்றித் தேங்கி, தண்டின் ஓரத்து அடைப்பைக் கடந்து காற்றுப் பாதையில் ஒழுகும். டர்போ பழுதென்று கருதிப் பெரும்பொருள் செலவிட்டுப் புதியது பூட்டியும் கசிவு நிற்காத வண்டிகளில், குற்றம் ஒரு சிறு குழாயில் இருந்ததாகப் பின்னர்த் தெரியவருவதுண்டு.

முற்காலத்தில் இம்மூச்சுக்குழாயைச் சாலையை நோக்கித் திறந்தே விட்டனர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வருத்தியபின், 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் புதிய வண்டிகளில் ஆவியைப் பொறிக்கே திருப்பும் முறை புகுந்து, பின்னர் உலகெங்கும் பரவிற்று. டர்போ டீசல் வண்டியில் அவ்வாவி, காற்று வடிகட்டிக்கும் டர்போவிற்கும் இடைப்பட்ட குழாயிற் சென்று சேரும். ஊர்க்காற்றுக்கு இதனால் நன்மை. முதிய பொறிக்கோ இதனால் ஒரு தொல்லை. ஆவியொடு சென்ற எண்ணெய், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடியிற் படிந்து தேங்கும். எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தும் அமைப்புடைய வண்டிகளில், அப்புகையின் கரி இவ்வெண்ணெயொடு ஒட்டி, தார் போல இறுகிக் காற்றுப் பாதையைக் குறுக்கும்.

இத்தேக்கம் மிகின் நேரக்கூடியது அச்சம் தருவது. மேட்டிலோ வேகத்திலோ பொறி வலிந்து உழைக்கும்போது, தேங்கிய எண்ணெய் ஒருசேர உருளைகளுக்குள் இழுக்கப்படலாம். டீசல் பொறிக்கு எண்ணெயும் எரிபொருளே. சாவியைத் திருப்பி டீசலை நிறுத்தினாலும், பொறி தன் எண்ணெயையே எரித்துக்கொண்டு, கட்டுக்கடங்காது விரைந்து, தன்னைத்தானே சிதைக்கும். அப்போது செய்யத்தக்கன மிகச் சிலவே. கையாற் பல் மாற்றும் வண்டியாயின், நின்ற நிலையில் உயர்ந்த கியரில் இட்டு, பிரேக்கை முழுவதும் அழுத்திக் கிளட்சை விட்டால் பொறி திணறி நிற்கும். காற்று புகும் வாயைத் தட்டையான பலகையால் அடைத்தும் நிறுத்தலாம். கையை அங்கே கொண்டுசெல்லுதல் கூடாது. பொறி சிதறும் நிலையை அடைந்துவிட்டதாயின், வண்டியைவிட்டு அகன்று நிற்றலே தக்கது.

இவ்விடர் வாராமற் காத்தல் அத்துணைக் கடினமன்று. முதலில் நோயை அறிதல் வேண்டும். பொறி சூடேறி மெல்ல ஓடுகையில், எண்ணெய் வாயின் மூடியைக் கழற்றித் தலைகீழாக அவ்வாயின்மேல் வைத்துப் பார்ப்பது பணிமனைகளில் வழக்கம். மூடி சிறிது நடுங்குமாயின் கேடில்லை. துள்ளி விழுமாயின், மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கும். அல்லது வளையங்கள் தேய்ந்திருக்கும். குழாயைத் தூய்மை செய்தபின்னும் துள்ளுமாயின், உருளைகளின் அழுத்தத்தை அளந்து பார்த்தல் வேண்டும். காற்றுக் குழாயில் எண்ணெய் காணின், டர்போவிற்கு முன்னுள்ள பகுதியை நோக்குக. அது நனைந்திருந்தால் மூச்சுக்குழாயின் எண்ணெய். அது உலர்ந்து, டர்போவிற்குப் பின்னுள்ள பகுதி மட்டும் நனைந்திருந்தால் டர்போவின் அடைப்பையே ஐயுற வேண்டும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு எவ்வண்டியிலும் இருப்பதே.

எண்ணெயை மேற்குறிக்கு மேலே ஊற்றுதல் பலர் செய்யும் பிழை. நிறைய இருந்தால் நல்லதென்னும் எண்ணம் சோற்றுப்பானைக்குப் பொருந்தலாம். பொறியிலோ, மிகையான எண்ணெயைக் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கி மூச்சுக்குழாய்க்கே அனுப்பும். கரிசற்புழுதியால் காற்று வடிகட்டி அடைபட்டாலும் டர்போ காற்றுக்காக ஏங்கி, ஆவியை மிகுதியாக இழுக்கும். ஆதலின் கோடையில் வடிகட்டியை அடிக்கடி பார்த்தல் தகும்.

இவை யாவும் செய்தபின்னும் ஆவி மிகுமாயின், மூச்சுக்குழாயின் நடுவே பிடிகலம் ஒன்றைப் பொருத்துவர். கலத்தினுள் உள்ள தடுப்பிலும் கம்பிவலையிலும் மோதிய ஆவி எண்ணெயை உதிர்த்துவிட்டு, எஞ்சிய வாயு டர்போவின் முன்னே செல்லும். குழாய்கள் எண்ணெயைத் தாங்குவனவாய், பழைய குழாயினும் குறுகாதனவாய், இடையில் தொய்ந்து எண்ணெய் தேங்காதனவாய் இருத்தல் இன்றியமையாதது. குறுகிய குழாயுடன் கூடிய கலம், மறுகாலில் வைத்த கல்லே. கலத்தை வெப்பமான புகைக்குழாய்க்கு அருகில் வைத்தலாகாது. பிடிகலம் தேய்ந்த வளையத்தைப் புதுப்பிக்காது என்பதையும் விற்பவர் எல்லாரும் சொல்வதில்லை.

கலத்தில் சேர்ந்ததை மீண்டும் பொறியில் ஊற்றுவாரும் உளர். அதில் நீரும் கரியும் கலந்திருத்தலால் அது தகாது. வாய்க்காலில் கொட்டுதல் அதனினும் தீது; சிற்றாறு சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியிற் கலக்கின்றது, அந்நீரைக் குடிப்போர் பலர். மூடியுள்ள தகரத்திற் சேர்த்து, பழைய எண்ணெயைத் தூய்மைசெய்ய அரசின் இசைவு பெற்றோரிடம் கொடுத்துவிடலாம். கொடுக்குமுன், எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை வண்டியின் ஏட்டில் குறித்துவைப்பர் கருத்துடைய ஓட்டுநர். சென்ற திங்களினும் இத்திங்கள் அளவு இரட்டித்திருப்பின், அடுத்த நெடும்பயணத்திற்கு முன்னரே வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுசெல்வர்.