மழையில் நனையும் சவாரிக் குதிரைகள்

கொடைக்கானல் ஏரிக்கரையில் நிற்கும் சவாரிக் குதிரையின் முதுகைத் தடவினால், மழைக்காலத்தில் ரோமத்துக்கு அடியில் பொருக்குகள் கையில் தட்டுப்படுவதுண்டு. 'படர்தாமரை' என்று சொல்லி மருந்துக் கடையில் ஏதோ ஒரு களிம்பைத் தந்துவிடுகிறார்கள். கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த அவசரம் கவலை தருகிறது. ஒன்றுபோல் தோன்றும் இப்புண்கள் ஒரே நோய் அல்ல.

மழைநீர் வழியும் தடத்திலேயே, முதுகிலும் பிட்டத்திலும் பொருக்குகள் இருந்தால், பெரும்பாலும் அது டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் வேலை. தோல் உலர்ந்திருக்கும்வரை அது வாளாவிருக்கும். நீண்டநேர ஈரத்தோடு ஈக்கடியோ, சேணம் உராய்ந்த காயமோ சேரும்போது, நீந்தும் திறனுள்ள நுண்வித்துகளை வெளியிட்டுத் தோலுக்குள் இறங்குகிறது. பொருக்கை எடுத்தால் ரோமக் கற்றையும் தூரிகைபோலச் சேர்ந்து வரும். பூஞ்சைக்கான களிம்பு இதற்குப் பயன்தராது. எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். குளோர்ஹெக்சிடின் கலந்த நீரில் பொருக்குகளை ஊறவைத்து, மென்மையாக நீக்கி, உடலை நன்கு உலர்த்துவதே முதன்மையான சிகிச்சை. நோய் முற்றினால் மட்டுமே பெனிசிலின் ஊசி தேவைப்படும்.

படர்தாமரையோ பூஞ்சையால் வருவது. குதிரைகளில் பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ஈக்வினம். சேணமும் வயிற்றுப்பட்டையும் உராயும் இடங்களில் வட்டவட்டமாக ரோமம் உதிரும். பல குதிரைகளில் சில மாதங்களுக்குள் தானாகவே ஆறிவிடும் என்பது உண்மையே. ஆயினும் அதற்குள் அடுத்த குதிரைக்கும், சவாரி செய்யும் குழந்தைக்கும் தொற்றிவிடக்கூடும். இதன் வித்துகள் சேணத்துணியிலும் தூரிகையிலும் பல மாதங்கள் உயிர்வாழும். நான்கு குதிரைகளுக்கு ஒரே தூரிகை என்றால் எந்த மருந்தும் தோற்றுப்போகும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளரவிடும். மனிதர்களிடையே படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாகப் பரவியதில் இத்தகைய களிம்புகளுக்கும் பங்குண்டு.

கால்களின் உட்புறத்தில் மணிகோத்தாற்போல் கட்டிகள் எழுந்து உடைந்தால், கைவைத்தியத்துக்கு இடமே இல்லை. அது கிளாண்டர்ஸாக இருக்கலாம், மனிதரையும் கொல்லவல்லது. 2009-ஆம் ஆண்டின் விலங்குகள் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அதனை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

குதிரைக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்வது எளிது. சவாரி நின்றால் உரிமையாளர் வீட்டில் அடுப்பு எரியாது. எனவே, மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகையையும், மாதந்தோறும் தோல் பரிசோதனையையும் சுற்றுலாத் தலங்களின் உள்ளாட்சி அமைப்புகள் ஏற்பாடு செய்யலாம், பெருஞ்செலவு ஆகாது. குழந்தையை ஏற்றும் பெற்றோரும், ஏற்றுமுன் சேணத்துணியைச் சற்றுத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.