வங்காலைச் சதுப்பு நிலத்தில் ஒரு காலை நடை

"அது வெறும் உவர்நிலம். நெல்லும் விளையாது, தென்னையும் வராது." மன்னாருக்குப் போகும் பெருவீதியில், தாம்போதிக்குச் சற்று முன்னதாக இரு மருங்கும் விரிந்து கிடக்கும் சதுப்பு நிலத்தைப் பற்றி எம்மவர் பலர் இப்படித்தான் பேசுகின்றனர். மாரி காலத்தில் ஒரு காலைப்பொழுது அங்கு நடந்து பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

இந்நிலம் 2008ஆம் ஆண்டில் வங்காலைச் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்காக 1971இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன் பட்டியலில் வங்காலை 2010இல் சேர்க்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டேயர். ஏறக்குறைய 12,000 ஏக்கர். சேற்றுத்தரை, களப்பு, கண்டற்காடு, புற்றரை, முட்புதர், ஆழங்குறைந்த கடல் யாவும் இதனுள் அடங்கும்.

பறவைகள் ஏன் வருகின்றன?

வடக்கே, சைபீரியா போன்ற பகுதிகளில், குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்துவிடுகின்றன. இரை கிடையாது. எனவே ஊசிவால் வாத்தும் பலவகை உள்ளான்களும் ஐப்பசி, கார்த்திகையில் இங்கு வந்து, பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றில் புழு, சிறு நத்தை, கூனி இறால் நிறைய உண்டு. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, இரையை வடித்து உண்ணும். அதன் இளஞ்சிவப்பு நிறம் அவ்வுணவிலிருந்தே வருகிறது.

எப்படிப் பார்ப்பது?

ஒருமுறை, மீள்குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலருடன் நாம் அங்கு சென்றோம். மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டத்தைக் கண்ட மகிழ்ச்சியில் ஒரு சிறுவன் கைதட்டிக் கூவினான். கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். பின்னர்தான் அவர்களுக்கு விளக்கினோம்: இப்பறவைகள் திரும்பிப் போக ஆயிரக்கணக்கான மைல்கள் பறக்கவேண்டும். அதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை வீணாக எழும்பும்போதும் சேர்த்ததில் ஒரு பங்கு போய்விடும். உண்ணும்போது எழுப்பி ஓடச்செய்வது என்னவென்று மற்றவர்களை விட நமக்கு நன்றாகத் தெரியும் அல்லவா?

ஆகவே சிலவற்றைக் கடைப்பிடிப்போம்.

விடியற்காலையில் அல்லது பொழுதுசாயும் வேளையில், சிறு குழுவாகச் செல்லுங்கள். மங்கிய நிற உடை நல்லது. கூட்டத்தை நோக்கி நேரே நடவாதீர்கள். பறவைகள் மேய்ச்சலை நிறுத்தித் தலையை உயர்த்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். நாயைக் கூட்டிச் செல்ல வேண்டாம். குடிநீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். அங்கு நிழல் குறைவு. காய்ந்து வெள்ளையாகத் தெரியும் தரையின் கீழே ஆழமான சேறு இருக்கலாம். தடியால் ஊன்றிப் பார்த்தே கால் வையுங்கள். மன்னார் மாவட்டத்தில் கண்ணிவெடி புதைக்கப்பட்ட இடங்கள் இருந்தமையால், எங்கு நடந்தாலும் பழகிய பாதையை விட்டு விலகக்கூடாது. எச்சரிக்கைப் பலகையோ, இனந்தெரியாத இரும்புப் பொருளோ கண்டால் தொடாமல் திரும்பி, அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.

நமக்கு என்ன பயன்?

மாரியில் வயல்களிலிருந்து வடியும் வெள்ளத்தைச் சதுப்பு நிலம் பஞ்சுபோல் உறிஞ்சி, மெல்ல மெல்லக் கடலுக்கு விடுகிறது. கண்டல் வேர்களிடையே இறாலும் மீனும் குஞ்சாக வளர்கின்றன. குப்பை கொட்டியும் மண் நிரப்பியும் அதை மூடினால், வெள்ளம் வயலுக்குள்ளேயே தேங்கும். மீனவரின் வலையும் வெறுமையாகும்.

விவசாயிகளாகிய உங்களுக்குக் காற்றின் திசையும் நீரின் போக்கும் தெரியும். எந்தப் பறவை எப்போது வயலில் இறங்கும் என்பதும் தெரியும். தூரத்திலிருந்து பறவை பார்க்க வருவோருக்கு வழிகாட்ட இதைவிடச் சிறந்த கல்வி வேறில்லை. முதலில் உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். சும்மா கிடக்கிற நிலம் என்று ஒன்று இல்லை என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே காணட்டும்.