ஏறுமுறுக்குக் குழல்

தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டை ஆயுதசாலையிலிருந்தும் வந்து, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவுக்கு அஸ்திவாரமான துப்பாக்கிகளைக் காண்போர், குழலின் வெளியலங்காரத்தோடு நின்றுவிடாமல், அதன் உட்புறத்தையும் சிந்தித்தல் வேண்டும்.

வழவழப்பான குழலில் குண்டு இருபுறச் சுவரிலும் உரசி மோதி வெளியேறுவதால், தூரத்து இலக்கு நிச்சயமில்லை. உள்ளே வெட்டிய மரைவரிகளோ குண்டைப் பம்பரம்போல் சுழற்றி, அதன் கதியை ஸ்திரப்படுத்துகின்றன. தன் தோட்டாக்களாலேயே 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாகிப்போன என்ஃபீல்டு துப்பாக்கியில், மூன்று வரிகள் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றென ஒரே சீராகச் சென்றன.

ஏறுமுறுக்குக் குழலிலோ, வரி அடிப்பகுதியில் தளர்ந்த முறுக்குடன் தொடங்கி, நுனியை நெருங்க நெருங்க இறுகுகிறது. வெடிமருந்தின் முதல் உந்துதலில் மென்மையான ஈயக்குண்டு வரியை அறுத்துக்கொண்டு வழுவாமல், கிரமமாகச் சுழற்சி பெறவேண்டும் என்பதே இதன் தாத்பரியம். மிக நுட்பமான யோசனை இது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கோணம் மாறுந்தோறும் குண்டின்மேல் பதிந்த தழும்பும் மாறவேண்டியிருப்பதாலும், இவ்வரிகளை வெட்டுவது சிரமசாத்தியமானதாலும், உலோக உறையிட்ட நீண்ட குண்டுகளின் காலத்தில் சீரான முறுக்கே பெருவழக்காயிற்று. 1891-இல் கார்கானோ துப்பாக்கியில் ஏறுமுறுக்கைக் கைக்கொண்ட இத்தாலியரும், 1938-இல் அமைத்த 7.35 மில்லிமீட்டர் துப்பாக்கியில் சீரான முறுக்குக்கே திரும்பினர்.