திசையன்விளைக்குப் போன ரயில்

திசையன்விளைக்கு ஒரு காலத்தில் ரயில் போனது என்று சொன்னால் நம்ம சங்கரன்கோவிலில் பலர் நம்புவதில்லை. டீயை ஆற விடாதீர்கள் தம்பி, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

திருச்செந்தூரையும் குலசேகரன்பட்டினத்தையும் திசையன்விளையோடு இணைத்த சின்ன ரயில் அது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டடிதான் அகலம். முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி ஓடத் தொடங்கி, 1940-ல் நின்றுபோனது. போட்டது அரசாங்கம் அல்ல, பாரி கம்பெனியார். குலசேகரன்பட்டினத்தில் அவர்களுக்குச் சர்க்கரை ஆலை இருந்தது. கரும்புச் சர்க்கரை என்று நினைத்துவிடாதீர்கள். கருப்பட்டியைச் சுத்திகரித்து எடுத்த சர்க்கரை!

அதற்கு எதற்கு ரயில்? அந்தப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கால் புதையும் செம்மணல். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி அதில் என்ன பாடுபடும்! கரும்பென்றால் ஒரே வயலில் வெட்டி மொத்தமாக ஏற்றிவிடலாம். பனை அப்படியில்லை. பனையேறி ஒவ்வொரு மரமாக ஏறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்க வேண்டும். பிறகு விடிலி என்கிற ஓலைக்குடிசையில் அடுப்பு மூட்டிக் காய்ச்ச வேண்டும். ஆக, ஆலைக்கு வேண்டிய சரக்கு நூற்றுக்கணக்கான அடுப்புகளில் சிதறிக் கிடந்தது. அதுவும் சீசனில் மட்டும். மழை ஈரம் பட்டால் கருப்பட்டி இளகிப்போகும். மணலில் சீக்கிரம் போடக்கூடிய, செலவு குறைந்த லேசான தண்டவாளம்தான் அதற்குத் தோது. அந்த உழைப்பாளிகளின் தோள்மேல்தான் அந்த ரயில் ஓடியது என்பேன்.

பிறகு ஏன் நின்றது? 1923-ல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு மீட்டர்கேஜ் வந்தது. சின்ன ரயிலின் பெட்டி அந்தப் பாதையில் ஏறாது. மூட்டையை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கூலியும் நேரமும் இரட்டிப்பு. ஓர் ஆலையை நம்பிப் போட்ட பாதை, அந்தத் தொழில் தளர்ந்தால் எதைச் சுமந்து பிழைக்கும்? ஜனங்களை ஏற்றிப்போக பஸ்ஸும் வந்துவிட்டது.

நம்ம சங்கரன்கோவில் வழியாகப் போகும் பாதையின் கதை வேறு. விருதுநகர்–தென்காசி மீட்டர்கேஜ் 1927-ல் வந்தது. ஒரு பக்கம் மதுரைக்கு வழி, மறுபக்கம் செங்கோட்டை தாண்டிக் கொல்லம். ராஜபாளையத்துப் பஞ்சும் ஏறும், நம்ம ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் கூட்டமும் ஏறும். அதனால்தான் 2004-ல் செலவு செய்து அகலப் பாதையாக்கினார்கள். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையை 2010-ல் மூடியபோதும், 2018-ல் திரும்பவும் ரயில் விட்டார்கள். இரண்டு முனையிலும் ஊரும் உறவும் இருக்கிற பாதையை யாரும் லேசில் கைவிட மாட்டார்கள்.

திருச்செந்தூரிலிருந்து கடற்கரை ஓரமாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வேண்டும் என்று அந்தப் பகுதி ஜனங்கள் வெகுகாலமாகக் கேட்கிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல்லும் நட்டாயிற்று. இந்த முறை ஆலைக்கென்றோ ஏவுதளத்துக்கென்றோ பாதியில் நிறுத்தாமல், கன்னியாகுமரிவரை அகலப் பாதையாகவே போட வேண்டும். அந்தப் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைக் காய்ச்சுகிறவர்களும் அந்த ரயிலில் டிக்கெட் எடுத்து ஏற வேண்டும்.