கடிகார மிகைப்பும் வன்தட்டின் காப்பும்: பலெர்மோத் தமிழர் பதிவுகளை முன்வைத்து

சிசிலியின் பலெர்மோ நகரில் வாழும் ஈழத்தமிழருள் கத்தோலிக்கரேயன்றிச் சைவரும் பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரோசாலியாவை வழிபடுகின்றனர். இத்தகைய புலம்பெயர் வாழ்வின் காணொளிகள் வீட்டுக் கணினியில் மட்டுமே எஞ்சுமாயின், அதன் வன்தட்டே ஆவணக்காப்பகமாகிறது. காணொளித் தொகுப்பை விரைவாக்க ஓவர்கிளாக்கிங் எனும் கடிகார மிகைப்பை மேற்கொள்வோர் அதன் இடரை அறிதல் வேண்டும்.

பழைய தாய்ப்பலகைகள் பலவற்றில் செயலியின் தரவுப்பாட்டையும், வன்தட்டுக் கட்டுப்படுத்தி சார்ந்த பிசிஐ பாட்டையும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றின. முன்னது 133 மெகாஹெர்ட்ஸ் எனில், அதன் நான்கிலொரு பங்கான 33 பின்னதன் முறையான வேகம். முன்னதை 150 ஆக்கினால் பின்னது 37.5 ஆகும், அப்போது எழுதப்படும் தரவு எச்சரிக்கையின்றிச் சிதையக்கூடும். பிசிஐ வேகத்தைத் தனியே நிலைநிறுத்தும் பூட்டுடைய பலகைகள் இவ்விடரைத் தவிர்த்தன.

2011இல் வெளிவந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் அமைப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தையே சாட்டா இணைப்பும் சார்ந்திருந்தது. ஆதலின் அதனை மாற்றாது, பெருக்கி பூட்டப்படாத ‘கே’ வகைச் செயலிகளில் பெருக்கியை மட்டும் உயர்த்துவதே தக்க முறை.

எம்முறையைக் கைக்கொள்ளினும், பதிவுகளின் படியொன்றை வேறு வன்தட்டில் எழுதி, அதனைக் கழற்றி வைத்த பின்னரே வேகத்தை மாற்றுதல் வேண்டும். நின்றுபோன செயலியைப் பழைய வேகத்தில் மீளத் தொடங்கலாம். படியின்றிச் சிதைந்த பதிவை அவ்வாறு மீட்க இயலாது.