மானிடவியல் முதுகலை: விண்ணப்பிக்கும் முன்

பி.எஸ்ஸி. படித்தவர் மானிடவியல் முதுகலையில் சேர இயலுமா என்று நண்பர் பலர் ஐயுறுகின்றனர். இயலும். பல பல்கலைக்கழகங்கள் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரையும் ஏற்கின்றன. மனிதனின் உடல், பண்பாடு, தொல்பொருள், மொழி ஆகிய நான்கையும் ஆராயும் இத்துறைக்கு விலங்கியலும் துணை, வரலாறும் துணை.

இது நமக்குப் புதிய துறையன்று. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். எழும்பூர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிகளை வகைப்படுத்த முயன்றார். 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945-இல் மானிடவியல் துறை தோன்றியது. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் தெற்கே பல்லாவரம், வடக்கே எழும்பூர்!

புதுவை, ஐதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. அதன் அறிவிப்பு நம் இறுதிப் பருவத் தேர்வுக்கு முன்பே வருவது வழக்கம். வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறையினர் இதைக் கவனியாவிடில் ஓராண்டு வீணாகும்.

"ஏன் இப்படிப்பு?" என்று கேட்டால், "மனிதரைப் பிடிக்கும்" என்பது விடையாகாது. ஒரு கேள்வியோடு செல்லுங்கள். மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்போர் இன்றும் உளர். தர்ஸ்டன் காலம் பதிலை அளந்தது. இன்றைய மானிடவியல் அக்கேள்வியையே ஆராய்கிறது.

வேலையா? இந்திய மானிடவியல் ஆய்வகம், அருங்காட்சியகம், உதகைப் பழங்குடியினர் ஆய்வு மையம், ஆசிரியப் பணி எனச் சில வாயில்கள் உண்டு. குடிமைப் பணித் தேர்விலும் இது விருப்பப்பாடம். வாயில்கள் சிலவே, ஆயினும் தட்டுவோரும் சிலரே!